அம்மா ஏன் சாப்பிடவில்லை?

அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையில் முதலில் மிஞ்சத் தொடங்கியது சம்பல். பிறகு மீன்குழம்பு. அதற்குப் பிறகு புட்டும் பாதிக்குப் பாதி மிஞ்சியது. கடைசியில் தேத்தண்ணியில் நனைத்த இரண்டு துண்டுப் பாணும் கஞ்சியும்தான் அவரது சாப்பாடு என்றாகியது. கேட்டால், "பசிக்கேல்லை பிள்ளை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார்.

2010ஆம் ஆண்டு நாங்கள் மெனிக்பாம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்கு மீளக்குடியேறி வந்தோம். என் தம்பியை 2009 மே மாதம் கடைசியாகக் கண்டோம். ஆகவே அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டாருக்குத் தெரியும், ஊரிலிருந்து வந்து போகும் சொந்தக்காரருக்குத் தெரியும். வீடு வீடாக வந்த உளவளத்துணைப் பிள்ளையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மகனை நினைச்சுச் சாப்பிடாமல் இருக்கிறீங்களோ அம்மா?" என்றுதான் கேட்டாள். அம்மாவும் ஓமென்று தலையாட்டினார். பொய் சொன்னாரென்று சொல்லமாட்டேன். அவருக்கே அது அப்படித்தான் தெரிந்திருக்கும்.

நான்கு வருடம் இப்படியே போயிற்று. சட்டைகள் தொளதொளத்தன. கோயிலுக்கு நடந்து போகிறவர் படலையடியில் இருந்துவிடுவார். இரத்தம் குறைவென்று சத்துக் குளிசை கொடுத்தார்கள்.

2014இல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடமாடும் பற்சிகிச்சை முகாம் ஒன்று வந்தது. அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வந்திருந்த பல் வைத்தியர் பேராதனையில் படித்துவிட்டு வந்த ஓர் இளம்பெண். "ஆவெண்டு நல்லாத் திறவுங்கோ அம்மா" என்றார்.

"இவ்வளவுதான் திறபடும் மோனை."

அவர் கையிலிருந்த ஆயுதத்தை வைத்துவிட்டார். "உங்கடை மூண்டு விரலைச் சேர்த்து நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையிலை வையுங்கோ பாப்பம்" என்றார். அம்மா வைத்துப் பார்த்தார். ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் பாதியில் இடித்தது.

"உறைப்புச் சாப்பிட்டால் எரியுமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "எரியும். மூண்டு நாலு வருசமாய் எரியுது. சம்பலைத் தொட்டால் நெருப்பு."

"ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"இதையும் ஒரு வருத்தமெண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடம் அந்தக் கோப்பையைக் கழுவியவள் நான்.

வைத்தியர் அம்மாவின் கன்னத்தின் உட்புறத்தை எனக்கும் விளக்குப் பிடித்துக் காட்டினார். எங்கள் வாயின் உட்சதை சிவந்து, ஈரமாய், மெதுமையாய் இருக்கும். அம்மாவினது வெளிறிப்போய், விரலால் தொட்டால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. பாக்கில் இருக்கின்ற அரிகோலின் என்ற பொருள் நாட்செல்லச் செல்ல வாய்ச்சதைக்குள்ளே தழும்பு போல நாரைக் கட்டவைக்கிறதாம். அந்த நார் இறுக இறுக வாய் திறபடாமல் போகும், உறைப்பு எரியும், நாக்கை வெளியே நீட்டவும் கரைச்சலாகும். கட்டின நார் பழையபடி இளகாது. பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, இப்படியான வாயில் புற்றுநோய் வருகின்ற ஆபத்து அதிகம். அம்மாவின் இடது கன்னத்துள், வெற்றிலையை அடக்கி வைக்கிற அதே இடத்தில், ஒரு வெள்ளைப் படையும் இருந்தது. தேய்த்தால் போகாத வெள்ளை.

ஆடின பல்லை அன்று பிடுங்கவில்லை. போதனா வைத்தியசாலையின் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தந்தார்.

அம்மாவின் வெற்றிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் வயதான பெண்களின் மடியில் வெற்றிலைப்பை இருக்கும், அதில் புதுமை இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அம்மா சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம் போடுவார், அவ்வளவுதான். 1995 ஒக்டோபர் கடைசியில் எல்லோரும் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டோமே, அன்றைக்கு நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு மனிசி அம்மாவுக்கு ஒரு வாய் வெற்றிலை கொடுத்தார். அம்மா அதை இப்போதும் நன்றியோடு சொல்லுவார். அன்றிரவு எங்களுக்குச் சாப்பாடு இல்லை. வெற்றிலை போட்டால் பசி தெரியாது. நித்திரை முழிக்கலாம். வன்னிக்கு வந்தபிறகு, ஒவ்வோர் இடப்பெயர்வுக்கும் ஒரு தரம் கூடியது என்று கணக்குச் சொன்னால் பிழையில்லை. கொட்டிலுக்குக் கொட்டில் போய்ப் புதுச்சனத்தோடு கதைப்பதற்கும் வெற்றிலைத் தட்டந்தான் முதற்பேச்சு. தம்பி இல்லாமல் போனபிறகு அம்மாவின் வாயில் வெற்றிலை இல்லாத நேரமே இல்லை. சில இரவுகளில் பாக்கைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டே படுத்துவிடுவார். நாங்களும், பாவம், அதிலாவது ஒரு ஆறுதல் இருக்கட்டும் என்று விட்டோம். சந்தைக்குப் போகும்போது பாக்கு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவளும் நான்தான்.

போயிலை கெட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "போயிலை இல்லாமல் வெறும் பாக்குத்தானே" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, போயிலை சேராத வெற்றிலையும் புற்றுநோயைத் தரும், தனிப் பாக்கே தரும் என்று 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முடிவாகச் சொல்லிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வருகின்ற புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் பல காலமாக முன்னணியில் நிற்கிறது. பெண்களுக்குக் குறைவுதான். ஆனால் எங்கள் ஊரில் வெற்றிலைப்பையை மடியில் கட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் தனித்துப்போன வயோதிபப் பெண்கள்.

அன்றைக்கே என்னுடைய கதையும் வெளிப்பட்டது. அம்மாவுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த வைத்தியர் நிமிர்ந்து, "அக்கா, நீங்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கே தெரியாது, நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிறேன் என்று.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 2009 மார்ச்சில் நாங்கள் மாத்தளனில் இருந்தோம். எனக்கு வலதுபக்கக் கீழ்ப்பல்லில் கொதி. முதலில் கராம்பு கடித்தேன். கராம்பு முடிந்தது. உப்பைப் பொட்டளியாய்க் கட்டி வைத்துப் பார்த்தேன். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. காய்ச்சலும் வந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் இயங்கிய வைத்தியசாலைக்குப் போனேன். வாசலில் இருந்து உள்வரை காயக்காரர். மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் கிடந்தார்கள். என் மகனின் வயதுப் பிள்ளையொன்று காலில்லாமல் கிடந்தது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றிருப்பேன். அங்கே நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அது தானாகவே உடைந்து சீழ் வாய்க்குள் வந்தது. அதனால்தான் நான் தப்பினேன் என்று பிறகு சொன்னார்கள். பல்லின் சீழ் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சு அடைக்கும், இரத்தத்தில் கலந்தால் உயிர்போகும் என்பது அந்த நேரம் எனக்குத் தெரியாது.

முகாமுக்கு வந்தபிறகு அந்தப் பல்லையும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். பிறகு முன்பல் ஒன்று தானாக ஆடி விழுந்தது. காயமில்லை, கொதியில்லை, விழுந்தது. அன்று தொடக்கம் கை வாய்க்குப் போயிருக்கவேண்டும்.

மாத்தளன் வாசலில் திரும்பி வந்தது சரியென்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சண்டை முடிந்து ஐந்து வருடமாகியும் நான் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். பல்லுக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போவது ஏதோ சொகுசு என்ற எண்ணம். கை இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், பிள்ளையைத் தேடுகிறவர்கள் இருக்கும் ஊரில் எனக்கு முரசில் இரத்தம் வருகிறதென்று சொல்வதா? அம்மா அன்று சொன்ன அதே வசனந்தான் என் மனதுக்குள்ளும் இருந்தது.

வைத்தியர் என் வாயையும் பார்த்தார். முரசு வீங்கி, பற்களைவிட்டுக் கழன்று நின்றது. ஊசிபோன்ற ஒரு கம்பியை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டு ஆழம் அளந்தார். தொட்ட இடமெல்லாம் இரத்தம். "அக்கா, இரவிலை அடிக்கடி சலத்துக்கு எழும்புறனீங்களோ? தண்ணி விடாய்க்குமோ? சீனி பாத்திருக்கிறீங்களோ?" என்று கேட்டார். பல்லைப் பார்க்க வந்த இடத்தில் சலத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கிழமை வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தேன். சீனி 214 இருந்தது. எனக்கு நாற்பது வயது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாத சலரோகம் எனக்கு இருப்பதைப் பல் வைத்தியர்தான் முதலில் பிடித்தார்.

இது எப்படி என்று பிறகு கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். இரத்தத்தில் சீனி கூடினால் உடம்பு கிருமிகளோடு சண்டைபிடிக்கும் பலத்தை இழக்கும், புண் ஆறாது. காலில் புண் ஆறாததைக் கண்ணால் காண்கிறோம். வாயில் முரசுதான் அந்தப் புண். பல்லடியில் படியும் ஊத்தையில் கிருமிகள் பெருகி, முரசு அழுகி, பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைக்கும். என் முன்பல் கொதியில்லாமல் விழுந்தது அதனால்தான். இது ஒருபக்கம். மறுபக்கமும் இருக்கிறது. முரசில் நாள் முழுதும் அழற்சி இருந்தால், அந்த அழற்சி உடம்பெல்லாம் பரவி, இன்சுலின் சரியாக வேலைசெய்ய விடாது. மருந்தை ஒழுங்காக எடுத்தாலும் சீனி இறங்க மறுக்கும். முரசு நோய்க்குச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சீனி என்று நாங்கள் சொல்லும் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதத்தில் ஏறக்குறைய 0.4 குறைகிறது என்று ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய எண்ணாகத் தெரியாது. இரண்டாவது குளிசை ஒன்றைச் சேர்த்தால் கிடைக்கும் பலனில் இது பாதியாவது வரும் என்று கிளினிக் வைத்தியர் சொன்னார்.

என் பற்களைப் பகுதி பகுதியாக நான்கு தரம் போய்ச் சுத்தம் செய்வித்தேன். ஸ்கேலிங் என்பார்கள். பல்லில் கல்லுப்போல இறுகிக் கிடப்பதைச் சுரண்டி எடுப்பது. பல் தேயும், ஆடிப்போகும் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. கல்லு இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்ததால், எடுத்தபிறகு பல் நீக்கலாகத் தெரிகிறது, கொஞ்ச நாள் குளிருக்குக் கூசுகிறது, அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் முரசு இறுகியது. காலையில் துப்பும்போது இரத்தம் இல்லை. சீனியும், சோற்றைக் குறைத்து மருந்தும் எடுத்ததோடு சேர்ந்து, இறங்கியது. எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தீட்டாமல் விடுவதுதான் நாங்கள் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். தீட்டாமல்விட அங்கே இன்னும் ஊத்தை படியும், இன்னும் இரத்தம் வரும். மெதுவான பிரஷால் முரசோரமாகச் சின்ன வட்டமாய்த் தீட்டச் சொன்னார்கள். காலையில் தீட்டாவிட்டாலும் இரவில் தீட்டவேண்டும், ஏனென்றால் நித்திரையில் உமிழ்நீர் குறைவு, கிருமிக்கு அதுதான் வசதி. புளோரைட் உள்ள பற்பசை ஒரு பயற்றங்கொட்டை அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் காசுதான் நட்டம். தீட்டியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாயை அலம்பித் தள்ளாமல் விடவேண்டும், அப்போதுதான் புளோரைட் பல்லில் நிற்கும். இதை நான் நாற்பது வயதில்தான் முதன்முதல் கேட்டேன்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்பசை எங்கே? உமிக்கரி, சாம்பல், செங்கல்லை இடித்த தூள், வேப்பங்குச்சி. வேப்பங்குச்சியை நுனி சப்பித் தும்பாக்கி மெதுவாகத் தீட்டினால் பிழையில்லை. கரியும் செங்கல்லும் பல்லின் மேற்தோலை அரைத்துவிடும். எங்கள் வயதுப் பெண்கள் பலருக்குப் பல் கூசுவதற்கு அதுவும் ஒரு காரணம். கையில் கிடைத்ததைக்கொண்டு பல்லுத் தீட்டியதே பெரிய காரியம் என்று இப்போது நினைக்கிறேன். என் மாமியார் பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைகளுக்கு விரலால் பல்லுத் தீட்டிவிடுவார்.

என் மகன் 2001இல் வயிற்றில் இருந்தபோதே எனக்கு முரசில் இரத்தம் வந்தது. "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லுப் போகும், பிள்ளை தாயின்ரை பல்லிலை இருந்துதான் சுண்ணாம்பை எடுக்குது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். பிள்ளை தாயின் பல்லிலிருந்து எதையும் எடுப்பதில்லை. கர்ப்பகாலத்தில் உடம்பில் சுரக்கும் ஹோர்மோன்களால் முரசு இலகுவில் வீங்கும், சத்தியெடுப்பதால் வயிற்றுப் புளிப்பு பல்லைக் கரைக்கும், வாய்க்குணத்துக்கு இனிப்பும் புளியும் அடிக்கடி தின்போம். சத்தியெடுத்தவுடன் தீட்டாமல், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் பொறுக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு பல் வைத்தியம் செய்யக்கூடாதென்று ஒரு பயம் இருக்கிறதே, அதுவும் தேவையற்றது. கிளினிக் அட்டையில் பற்பரிசோதனைக்கென்று இடமே இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார். இருதய வால்வில் வருத்தம் உள்ளவர்கள் மட்டும் பல் பிடுங்க முன்னர் அதைக் கட்டாயம் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். வாயில் இருந்து போகும் கிருமி வால்வில் போய்க் குந்தும் ஆபத்து உண்டு, தேவைப்பட்டால் முன்கூட்டியே மருந்து தருவார்கள்.

சீனியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு, சீனி வந்தது. மரக்கறி வரவில்லை. பத்து வருடம் நாங்கள் பிளேன்ரீயில் உயிர் வாழ்ந்தோம். அழும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட், பயந்த பிள்ளைக்கு ஒரு ரொபி. இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரே நேரத்தில் சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிடுவதைவிட, நாள் முழுதும் நக்கி நக்கிக் குடிக்கும் இனிப்புத் தேத்தண்ணிதான் பல்லைச் சூத்தையாக்கும். பால்போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையாக்கும் குழந்தையின் முன்பற்கள் கறுத்துக் கரைவதும் அப்படித்தான். என் மூத்தவனுக்கு அப்படி ஆயிற்று. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டேன். பல்லுக்கொதியோடு அவன் சாப்பிடாமல் மெலிந்தான், பள்ளிக்கூடத்தில் நித்திரைகொண்டான். அதற்கும் சண்டையைத்தான் காரணம் சொன்னேன்.

பணம் ஒரு தடை இல்லை என்று சொல்லமாட்டேன். அரசாங்க வைத்தியசாலையில் பல் பிடுங்க, அடைக்க, சுத்தம் செய்யக் காசில்லை. ஆனால் காலை ஐந்தரை பஸ்சைப் பிடிக்கவேண்டும், துண்டு எடுக்க வரிசையில் நிற்கவேண்டும், அன்றைய கூலி இல்லை. ஒரு தரம் நான் போனபோது துண்டு முடிந்துவிட்டதென்று அனுப்பிவிட்டார்கள். அந்த அறையில் ஒரே ஒரு கதிரை. பக்கத்து ஊர்களுக்கும் அதுதான். இப்போது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போகிறோம். ஒருவர் முந்திப் போய் வரிசையில் நிற்பார், ஒருவர் எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். எனது முன்பல்லுக்குக் கட்டுப்பல் வைக்க, சீட்டுக்காசு எடுக்கும்வரை பொறுத்தேன். இரவில் அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடவேண்டும். கட்டுப்பல் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகும் கை வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அம்மாவின் வெள்ளைப் படையில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்காகக் காத்திருந்த மூன்று கிழமையும் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அம்மா நன்றாக நித்திரைகொண்டார். புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படி மாறக்கூடிய நிலை என்று முடிவு வந்தது. படையை வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் காட்டச் சொன்னார்கள்.

பாக்கை விடுவது அம்மாவுக்கு இலேசாக இருக்கவில்லை. தலையிடி, கோபம், யாரோடும் கதையில்லை. மடிப்பையில் பொரிகடலையும் ஏலக்காயும் போட்டுக் கொடுத்தோம். பாக்குவெட்டியை ஒளித்துவைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். "நீ ஒளிச்சது தெரியும். எடுக்கேல்லை" என்றார். வாயைத் திறக்கப் பயிற்சியாக, ஐஸ்கிறீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் என் மகள்தான் குச்சி எண்ணுவாள். பத்தில் தொடங்கினார். ஒரு வருடத்தில் பதினான்கு. அதற்கு மேல் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் புட்டை நன்றாகக் குழைத்துச் சாப்பிடுகிறார். சம்பல் மட்டும் இன்னும் ஆகாது. தம்பியின் பிறந்தநாளில் இப்போதும் சாப்பிடமாட்டார். அன்றைக்கு நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாவும் தம்பியின் படத்தோடு போய் இருந்தார். அங்கே கொட்டகைக்குள் நாள் முழுதும் இருக்கும் தாய்மாருக்கு வேறு என்ன இருக்கிறது? வெற்றிலைத் தட்டம் சுற்றி வந்தது. அம்மா வேண்டாமென்றார். ஏனென்று கேட்டிருக்கிறார்கள். அம்மா நார் என்றோ புற்றுநோய் என்றோ சொல்லவில்லை. "உங்கடை மூண்டு விரலை வாய்க்குள்ளை விட்டுப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாராம். விளையாட்டைப்போல எல்லோரும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் படத்தைச் சுவரில் கொழுவிவிட்டு, கால் கழுவ முன்னரே என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, பல்லு டொக்டர் எண்டைக்கு இருப்பா? ரெண்டு பேருக்கு மூண்டு விரல் போகேல்லை. ஒருத்திக்கு நாக்கோரத்திலை புண், மாசக் கணக்காய் ஆறேல்லையாம். ரெண்டு கிழமைக்கு மேலை ஆறாத புண்ணைக் காட்டவேணுமெண்டு அந்தப் பிள்ளை சொன்னதெல்லோ. சோறு இறங்குதில்லையாம், மகனை நினைச்சுத்தானெண்டு சொல்லுறா. நான் சொன்னன், நினைப்பு இருக்கட்டும், வாயையும் காட்டுவமெண்டு."

வெள்ளிக்கிழமை ஐந்தரை பஸ்சில் நாங்கள் ஐந்து பேர் போனோம். வரிசையில் நிற்க அம்மாதான் முதல் இறங்கி நடந்தார்.